சுவருக்குள் குடியிருப்பவர்கள்

மாமாவுக்கு வயது 68. சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா என்று பார்க்க வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். கல் இல்லை. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் வேறொன்று இருந்தது. சிறுநீரகங்களுக்குக் கீழே பெருந்தமனி 4.2 சென்டிமீட்டருக்கு விரிந்திருக்கிறதாம். மதுரையில் அந்த ஸ்கேன் சென்டருக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கவருக்குள்ளிருந்து தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மாப்ள, பிரஷர் மாத்திரைய நான் ஒழுங்காப் போடல. அதான் உள்ள குழாய் ஊதிப்போச்சு. அப்படித்தான?"

கேட்டவர் முகத்தில் தப்புச் செய்த பையனின் களை இருந்தது. அவர் நினைத்ததைத்தான் நம்மில் அநேகரும் நினைப்போம். குழாய், உள்ளே அழுத்தம், ஒரு நாள் புடைப்பு. அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒரு டீயில் முடிகிற கதை இல்லை. மெதுவாகவே போவோம்.

முதலில் அளவைக் கண்ணால் பார்த்துவிடலாம். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுப் பகுதியில் பெருந்தமனியின் இயல்பான அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான், 2 சென்டிமீட்டர். அது 3 சென்டிமீட்டரைத் தொட்டால் டாக்டர்கள் அதை அனியூரிசம் என்பார்கள். தமிழில் பெருந்தமனி வீக்கம் என்று சொல்லலாம். ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரை எட்டினால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். 5.5 என்பது நம் டீக் கிளாஸின் வாய் அகலத்துக்குப் பக்கத்தில் வரும். நாணயத்தைக் கிளாஸின் வாய்மேல் பிடித்துக் காட்டினேன். மாமா கிளாஸையும் நாணயத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய குழாய் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது.

பெருந்தமனி இதயத்தின் இடது கீழறையில் புறப்படுகிறது. மேலே சற்று ஏறி, கைத்தடியின் பிடிபோல வளைந்து, முதுகெலும்பை ஒட்டியே கீழிறங்கி, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் சுமார் 70 மில்லி ரத்தம், அதாவது ஒரு கிளாஸ் டீயளவு, இதற்குள் பாய்கிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லட்சம் தடவை. மாமாவின் 68 வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 250 கோடியை நெருங்கும்.

இந்தக் குழாய் சும்மா வழிவிட்டுக்கொண்டு நிற்பதில்லை. ரத்தம் பாயும்போது விரிந்து கொடுக்கிறது. இதயம் ஓய்வெடுக்கும் அந்த அரை நொடியில் தானே சுருங்கி, வாங்கிவைத்த ரத்தத்தை முன்னே தள்ளுகிறது. ரத்த ஓட்டம் விட்டு விட்டு வராமல் தொடர்ந்து ஓடுவதற்கு இந்த விரிந்து மீளும் குணமே காரணம்.

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். அழுத்தம் ஊதியதா?

சைக்கிள் டியூபையே எடுத்துக்கொள்வோம். டயர் ஓர் இடத்தில் கிழிந்திருந்தால், காற்றடிக்கும்போது டியூப் அந்தக் கிழிசல் வழியாகக் குமிழிபோலப் பிதுங்கி வெளியே வரும். பஞ்சர் கடையில் பார்க்காதவர் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். டியூபுக்குள் காற்றழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். கிழிசலுக்கு நேராக மட்டும் காற்று அதிகமாக அழுத்துவதில்லை. அப்படியென்றால் புடைப்பு ஏன் அந்த ஒரு இடத்தில் மட்டும்? அங்கே தாங்குவதற்கு ஆள் இல்லை. பிழை அழுத்தத்தில் இல்லை, தாங்கும் சுவரில் இருக்கிறது.

பெருந்தமனியிலும் இதே நியாயம்தான். முப்பது வருஷமாக ரத்த அழுத்தத்தோடு வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த வீக்கம் வருவதே இல்லை. அழுத்தம் சரியாக இருந்தும் வீக்கம் வந்தவர்கள் உண்டு. வயிற்றுப் பெருந்தமனியைப் பொறுத்தவரை ரத்த அழுத்தத்தைவிடப் புகைதான் பெரிய எதிரி. அதற்காக அழுத்தம் நிரபராதி என்று தீர்ப்பெழுதிவிடக் கூடாது. பலவீனமான சுவர்மேல் அது ஏறி மிதிக்கும். நெஞ்சுப் பகுதியில் பெருந்தமனியின் உள்சுவர் கிழிந்து, படலங்களுக்கு நடுவே ரத்தம் புகும் இன்னொரு நோயில் அதற்கு முதன்மையான பங்கு உண்டு. ஆனால் "அழுத்தம் ஊதியது" என்ற ஒரே வரியில் நிறுத்திக்கொண்டால், சுவர் ஏன் தளர்ந்தது என்று கேட்கவே மறந்துபோவோம். கதை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

இன்னொரு விஷயத்திலும் டியூப் உவமை நம்மை ஏமாற்றும். டியூப் வெறும் ரப்பர், அதற்குள் யாரும் வாழவில்லை. பெருந்தமனியின் சுவரில் குடியிருப்பு இருக்கிறது. ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதே செங்கல், அதே சுண்ணாம்பு, அதே மழை. பக்கத்தில் ஆள் குடியிருக்கும் வீடு நிமிர்ந்து நிற்கிறது, பூட்டிய வீட்டில் ஓடு சரிகிறது, சுவரில் ஆலங்கன்று முளைக்கிறது. இடிப்பது மழைதான் என்று சொல்லலாம். ஆனால் கன்று முளைத்த அன்றே பிடுங்கிப்போட ஆள் இல்லை என்பதுதான் அங்கே நடந்த உண்மை.

ஐன்ஸ்டைனுக்கு இதே நோய் இருந்தது. 1948 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் ருடால்ஃப் நிஸன் என்ற அறுவை மருத்துவர் அவர் வயிற்றைத் திறந்து, வீங்கிய பெருந்தமனியைச் சுற்றி செலோஃபேன் தாளைச் சுற்றிவைத்தார். அந்தத் தாள் உறுத்த உறுத்தச் சுற்றிலும் தழும்புத் திசு தடித்து வளரும், அது கவசம்போலக் காக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. ஆறு வருஷத்துக்கு மேல் ஓடியது. 1955 ஏப்ரலில் அந்தச் சுவர் கசியத் தொடங்கியது. இன்னொரு அறுவை வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். ஏப்ரல் 18 அன்று, 76 வயதில் இறந்தார். நிஸன் தம் காலத்தில் செய்யக்கூடியதைச் செய்தார். ஆனால் சுவருக்கு வெளியே போர்த்துகிற போர்வை, சுவருக்குள் நடப்பதை நிறுத்தவில்லை.

அந்த உள்ளேதான் நாம் இப்போது போகிறோம். வாழைமரத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் பட்டைக்குள் பட்டையாக வட்டங்கள் தெரியும் அல்லவா? பெருந்தமனிச் சுவரின் நடுப்பகுதியும் அப்படித்தான். ஒவ்வொரு பட்டையும் எலாஸ்டின் என்ற புரதத்தால் ஆனது. உடம்பு தானே செய்துகொண்ட ரப்பர் என்று அதை வைத்துக்கொள்ளலாம். நெஞ்சுப் பகுதியில் இப்படி ஐம்பது, அறுபது பட்டைகள் இருக்கும். வயிற்றுக்கு வரும்போது முப்பதாகக் குறைந்துவிடும். வீக்கம் சிறுநீரகங்களுக்குக் கீழே அதிகம் வருவதற்கு இது ஒரு காரணம். பட்டைகளோடு கொலாஜன் என்ற இன்னொரு புரதமும் ஓடுகிறது. அது நீளாத கயிறு. ரப்பர் விரிந்து மீள்கிறது, கயிறு எல்லை தாண்டாமல் பிடித்துக்கொள்கிறது.

பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே, சந்துக்குள் வரிசையாகப் படுத்திருப்பவைதான் நம் குடித்தனக்காரர்கள். மென்தசைச் செல்கள் என்று பெயர். சுருங்குவதும் தளர்வதும் மட்டும் இவற்றின் வேலை இல்லை. கொலாஜன் கயிறு நைந்தால் புதிதாகத் திரித்துப் போடுவது இவைதான். ரப்பரையும் கயிற்றையும் வெட்டக்கூடிய நொதிகள் சுவருக்குள் எப்போதும் கொஞ்சம் உலவும். அவற்றை அடக்கிவைக்கும் புரதங்களைச் சுரப்பதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. கட்டியவரும் இவரே, காவல்காரரும் இவரே.

எலாஸ்டினைப் பற்றி ஒரு செய்தி எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்புத் தரும். அதைக் கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் உடம்பு நெய்கிறது. வளர்ந்த பிறகு புதிதாக நெய்வது மிக மிகக் குறைவு. 68 வயது மாமாவின் வயிற்றுக்குள் இந்த நிமிஷம் விரிந்து மீண்டுகொண்டிருப்பது அவர் அரைக்கால் சட்டை போட்ட காலத்து ரப்பர். அறுந்தால் அறுந்ததுதான். அதனாலேயே அதைக் காத்துக்கொண்டு உள்ளே இருப்பவர்களின் உயிர் அத்தனை முக்கியமாகிறது.

1997-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆய்வாளர்கள், நோயாளிகளிடமிருந்து அறுத்தெடுத்த வீங்கிய பெருந்தமனித் துண்டுகளை நுண்ணோக்கியில் வைத்து இந்தச் செல்களை எண்ணினார்கள். இயல்பான பெருந்தமனியோடு ஒப்பிட்டால் அவற்றின் அடர்த்தி 74 சதவீதம் குறைந்திருந்தது. நான்கு வீடு இருந்த தெருவில் மூன்று வீடு காலி. மிஞ்சியவற்றிலும் சில சாவை நோக்கிப் போய்க்கொண்டிருப்பதற்கான அடையாளங்கள் தெரிந்தன.

சரி, செல்கள் செத்தன, சுவர் தளர்ந்தது, முடிந்தது கதை என்று எழுந்துவிடலாமா? நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் செல் எப்படிச் சாகிறது என்று ஒரு கேள்வி இருக்கிறது. எத்தனை செத்தது என்பதைவிட அது முக்கியமானது. சாவில் சத்தமில்லாத சாவு உண்டு, ஊரைக் கூட்டுகிற சாவும் உண்டு.

சத்தமில்லாததை முதலில் பார்ப்போம். 1972-ல் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டர் கரி என்ற மூவர் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஒருவர் எடுத்துக்கொடுத்த சொல் அது. மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும். பழுத்த இலை உதிரும்போது கிளைக்கு வலிப்பதில்லை. இந்தச் சாவும் அப்படித்தான்.

நம் எல்லோர் உடம்பிலும் இது தினமும் நடக்கிறது. கருவில் நம் கை முதலில் வாத்தின் காலைப்போல இடைவெளி இல்லாமல்தான் இருந்தது. நடுவில் இருந்த செல்கள் உதிர்ந்ததால்தான் விரல்கள் பிரிந்தன. ஆய்வகங்களில் வளர்க்கும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்று உண்டு. அது வளரும்போது 1090 செல்கள் உருவாகின்றன, அதில் சரியாக 131 செல்கள் குறித்த நேரத்தில் இறந்துவிடுகின்றன. இந்தக் கணக்கையும் அதன் பின்னால் இருக்கும் மரபணுக்களையும் கண்டறிந்த பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

நடப்பது இதுதான். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் காஸ்பேஸ் என்ற கத்திகள் உறையிலேயே கிடக்கின்றன. வெளியிலிருந்து ஒரு நோயெதிர்ப்புச் செல் வந்து, செல்லின் மேலுறையில் இருக்கும் "சாவு மணி"யை அழுத்தினால் அவை உருவப்படும். அல்லது செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியா பழுதாகி, அதற்குள் இருக்க வேண்டிய ஒரு புரதம் வெளியே கசிந்தாலும் உருவப்படும். கத்திகள் உள்சாமான்களை ஒழுங்காக வெட்டுகின்றன. செல் சுருங்கி, சின்னச் சின்னப் பொட்டலமாகத் தன்னையே கட்டிக்கொள்கிறது. பொட்டலத்தின் மேல் "எடுத்துப் போகலாம்" என்ற அடையாளமும் தெரியும். விழுங்கு செல்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். தெருவில் ஒரு சிந்தல் இருக்காது.

2006-ல் கேம்பிரிட்ஜில் ஒரு சோதனை நடந்தது. எலிக்கு டிப்தீரியா நஞ்சு இயற்கையாகவே எளிதில் ஏறாது. நம் செல்களில் அந்த நஞ்சு நுழையும் கதவு ஒன்று இருக்கிறது. அந்தக் கதவை எலியின் மென்தசைச் செல்களில் மட்டும் மரபணு மாற்றத்தால் பொருத்திவிட்டு நஞ்சைக் கொடுத்தார்கள். தமனிச் சுவரில் ஏராளமான செல்கள் உதிர்ந்துபோயின. சுவர் வீங்கியிருக்க வேண்டும் அல்லவா? வீங்கவில்லை. ஆரோக்கியமான தமனி அத்தனை இழப்பையும் பெரிய அழற்சி இல்லாமல் தாங்கிக்கொண்டது. ஆனால் ஏற்கெனவே கொழுப்புப் படிந்து நோயுற்ற தமனிகளில் அதே உதிர்வு, படிவை உடைந்துவிடும் நிலைக்குக் கொண்டுவந்தது.

இந்தச் சோதனையை நான் சும்மா சொல்லவில்லை. ஆள் இல்லாத வீடும் மறுநாளே இடிந்து விழுவதில்லை, சில காலம் நிற்கும். வீடு சீக்கிரம் விழ வேண்டுமென்றால் கூடவே ஒரு கலவரமும் வேண்டும்.

அந்தக் கலவரத்தின் பெயர் நெக்ரோப்டோசிஸ். 2005-ல் வந்த பெயர். முன்பெல்லாம் செல் வெடித்துச் சாவது வெறும் விபத்து, அடிபட்டுச் சாவது போன்றது என்று நினைத்தார்கள். அதிலும் ஒரு வகைக்குச் செல்லுக்குள்ளேயே திட்டம் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆர்.ஐ.பி.கே-1, ஆர்.ஐ.பி.கே-3 என்று இரண்டு புரதங்கள். சாதாரண நாட்களில் காஸ்பேஸ்-8 என்ற கத்தி இவற்றை வெட்டி அடக்கிவைத்திருக்கிறது. அந்தக் கத்தி வேலை செய்ய முடியாத நேரத்தில், அழற்சிச் செய்தியும் வந்து சேர்ந்தால், இரண்டும் கைகோத்துக்கொள்ளும். எம்.எல்.கே.எல் என்ற மூன்றாவது புரதத்தைத் தட்டி எழுப்பும். அது நேராகச் செல்லின் உறைக்குப் போய்த் துளை போடும். தண்ணீர் உள்ளே புக, செல் உப்பி வெடிக்கும்.

வெடித்த செல் பொட்டலம் கட்டுவதில்லை. உள்ளே இருந்ததெல்லாம் சந்தில் கொட்டுகிறது. செல்லுக்குள் இருக்கும்வரை அந்தச் சாமான்கள் சாதுவானவை. வெளியே கிடந்தால் நோயெதிர்ப்புப் படைக்கு அது "திருடன், திருடன்" என்ற கூச்சல். இரவில் அப்படி ஒரு குரல் கேட்டால் தெருவே தடியோடு திரளும். வந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் இருட்டில் ஓடிய ஓட்டத்தில் வீட்டுக்காரரின் கத்தரிச் செடியும் வேலியும் மிதிபட்டுப் போகும். சுவருக்குள் திரளும் விழுங்கு செல்கள் எம்.எம்.பி-9 போன்ற வெட்டும் நொதிகளைக் கொட்டுகின்றன. எலாஸ்டின் பட்டை துண்டு துண்டாகிறது. அந்தத் துண்டுகளே இன்னும் பல விழுங்கு செல்களை வாசம் காட்டிக் கூப்பிடுகின்றன.

இது ஊகம் இல்லை. 2015-ல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் ஆர்.ஐ.பி.கே-3 மரபணுவை நீக்கிய எலிகளில் பெருந்தமனியை வீங்கவைக்க முயன்றார்கள். வீங்கவில்லை. இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் நீக்கினாலே போதுமானதாக இருந்தது. கூச்சல் போடும் வாயை மூடியதும் கூட்டம் கூடவில்லை.

வெடித்துச் சாவதில் இன்னும் இரண்டு வகை உண்டு. பைரோப்டோசிஸ் என்பதில் நெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இருக்கிறது. கிருமியைக் கண்டால் எரிந்து எச்சரிக்கவே ஏற்பட்ட சாவு இது, பெரும்பாலும் விழுங்கு செல்களுக்குரியது. செல் உறையில் துளை விழுந்து, காய்ச்சலையும் அழற்சியையும் மூட்டும் செய்திப் புரதங்கள் வெளியேறும்.

இன்னொன்று ஃபெரோப்டோசிஸ். 2012-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பெயரிட்டார்கள். இதை விளக்கச் சமையலறைக்குப் போக வேண்டும். எண்ணெய் நாள்பட்டால் காறல் வாடை வரும். ஆக்ஸிஜன் பட்டுக் கொழுப்புக் கெட்டுப்போவதுதான் அது. நம் செல் உறையும் கொழுப்பால் ஆனதே. அருகில் இரும்பு அணுக்கள் அதிகம் உலவினால் உறை இன்னும் வேகமாகக் காறிப்போய்க் கிழியும். வீங்கிய பெருந்தமனிக்குள் ரத்தம் சுழன்று உறைந்து அடை அடையாக ஒட்டியிருப்பது வழக்கம். அந்த உறைவில் சிக்கிய சிவப்பணுக்கள் உடைந்தால் வெளியே வருவதும் இரும்புதான். புகை வழியாக உள்ளே போகும் ஆக்ஸிஜனேற்றப் பொருள்கள் அந்தக் காறலுக்குக் கைகொடுக்கின்றன.

எல்லாச் செல்லும் நேரே செத்துவிடுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சில செல்கள் சாவதற்கு முன் தொழிலை மாற்றிக்கொள்கின்றன. சுருங்கி விரியும் வேலையைக் கைவிட்டு, வெட்டும் நொதிகளைத் தாங்களே சுரக்கத் தொடங்குகின்றன. காவலுக்கு இருந்தவர் கடப்பாரையை எடுப்பதுபோல. நோயின் கதையில் என்னை அதிகம் வருத்தும் பகுதி இதுதான்.

இனி மாமாவின் பிரஷர் உள்ளே வரலாம். லாப்லாஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் பெயரில் ஓர் எளிய விதி உண்டு. குழாய்க்குள் அழுத்தம் மாறாமலிருந்தாலும், குழாய் அகல அகலச் சுவர்மேல் விழும் இழுவிசை கூடும். அகலம் இரண்டு மடங்கானால் இழுவிசையும் இரண்டு மடங்கு. சுவர் மெலிந்திருந்தால் பாரம் இன்னும் கூடும். இழுபடும் சுவரில் மிஞ்சிய செல்கள் நைந்து சாகும். அவை செத்தால் சுவர் இன்னும் அகலும். எங்கே தொடங்கியது, எங்கே முடிகிறது என்று பிரிக்க முடியாதபடி செக்குமாடாய்ச் சுற்றும். "மாத்திரைய விட்டது நல்லதில்ல மாமா, இனிமே விடாதீங்க. ஆனா குழாயை ஊதுனது அது இல்ல" என்றேன். அவர் சட்டைப் பையில் பீடிக்கட்டு எட்டிப் பார்த்தது. இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.

சிகிச்சை எங்கே நிற்கிறது? 1951-ல் பாரிஸில் சார்ல் டியூபோ, வீங்கிய பகுதியை எடுத்துவிட்டு வேறொரு தமனியை வைத்துத் தைத்தார். 1990-ல் ப்யூனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி, வயிற்றைத் திறக்காமல் தொடையிடுக்குத் தமனி வழியாக மடித்த துணிக்குழாயை உள்ளே அனுப்பி விரித்தார். இன்று நம் ஊர்ப் பெரிய மருத்துவமனைகளிலும் இந்த இரண்டு வழிகளும் உண்டு, இரண்டும் உயிர் காப்பவை. ஆனால் இரண்டுமே ரத்தத்துக்குப் புது வழி போட்டுக் கொடுப்பவைதான். காலியான சுவரில் யாரையும் மீண்டும் குடிவைப்பதில்லை.

மருந்தால் வீக்கத்தின் வளர்ச்சியை நிறுத்த முடியுமா என்றால், இதுவரை நிரூபணமான மருந்து இல்லை. வெட்டும் நொதிகளைத் தடுக்கக்கூடியது என்று டாக்ஸிசைக்ளின் மாத்திரையை இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-ல் முடிவு வந்தது, பலன் இல்லை. வெட்டுகிறவரைத் தடுத்தால் மட்டும் போதாது, கட்டுகிறவர் உயிரோடு இருக்க வேண்டும் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். செல் சாவின் வழிகளை ஒவ்வொன்றாக ஆராய்வதற்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கையும் இதுதான். ஆர்.ஐ.பி.கே புரதங்களைத் தடுக்கும் மருந்துகள் எலிகளில் நம்பிக்கை தந்திருக்கின்றன. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த வீக்கம் ஒப்பளவில் குறைவாகவே வருகிறது என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. அவர்கள் சாப்பிடும் மெட்ஃபார்மினுக்கு இதில் பங்குண்டா என்று மனிதர்களிடமே சோதனைகள் நடக்கின்றன. முடிவு தெரியுமுன் யாரும் அதைத் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம்.

மாமாவிடம் கடைசியாகச் சொன்னவை இவைதான். பீடியை இன்றே விட வேண்டும், புகையை நிறுத்தினால் வீக்கம் வளரும் வேகம் குறைகிறது. 4.2 என்பது அறுக்க வேண்டிய அளவு இல்லை, ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். மருந்துக்கடையில் தாமாக ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கக் கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம், வேறு வழி இல்லாதபோதுதான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது. எந்த டாக்டரிடம் போனாலும் இந்த ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டும். வயிற்றிலோ முதுகிலோ திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் வாயுவென்று சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது குடும்பத்திலும் ஓடக்கூடியது என்பதால் அவருடைய அண்ணனும் தம்பியும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த வீக்கம் உடையும்வரை பெரும்பாலும் வலிக்காது. உடைந்தால் பிழைப்பவர்கள் குறைவு. பிரிட்டனில் 65 வயதாகும் ஒவ்வோர் ஆணையும் கடிதம் போட்டு அழைத்து வயிற்றை ஒரு தடவை ஸ்கேன் செய்கிறார்கள். நம்மை அழைத்துக் கடிதம் வராது. உங்கள் வீட்டில் 65 தாண்டிய அப்பாவோ மாமாவோ இருந்து, எப்போதாவது பீடியோ சிகரெட்டோ பிடித்தவராக இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது பெருந்தமனியின் அகலத்தையும் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஊசி இல்லை, மயக்கம் இல்லை, பத்து நிமிஷ வேலை.